லோடு மெஸ்த்ரியின் லா

லோடு மெஸ்த்ரி தன் வீட்டு நாயைக்கூட முழுதாக நம்பியதில்லை. நாய் அவரைக் கண்டு வாலாட்டினால், யாருக்கோ செய்தி அனுப்புகிறதோ என்று ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் அதன் தலையைத் தடவுவார்.

எங்கள் பக்கத்தில் கட்டட வேலை பார்ப்பவர் மட்டும் மெஸ்த்ரி அல்ல. பாட்டும் வாத்தியமும் சொல்லிக்கொடுப்பவரும் மெஸ்த்ரிதான். இவருடைய முழுப்பெயர் லுதுவிகோ பாரெத்தோ. ஆர்லே ஊரின் பாண்டு வாத்தியக் குழு இவருடையது. ஞானஸ்நானத்திலிருந்து அடக்கம் வரை ஆர்லேயில் ஒரு கிறிஸ்தவன் இவருடைய டிரம்பெட் இல்லாமல் எதையும் செய்துகொண்டதில்லை. அதிலும் அடக்கம் இவருடைய தனிச் சொத்து. இவர் ஊதும் ‘லா’ என்ற சுரத்தில் ஒரு விம்மல் இருந்தது. மாமியார் உயிரோடு இருந்த வரை அவரைத் திட்டித் தீர்த்த மருமகள்கூட அந்த லா வந்ததும் கைக்குட்டையைத் தேடுவாள். மட்காவ் சந்தையில் மீன் விற்கும் பெண்கள் வரை அந்த லாவைப் பற்றிப் பேசினார்கள்.

இவ்வளவு நல்ல லா தன்னிடம் இருக்கும்போது யாரும் அதைத் திருடாமல் இருப்பார்களா என்பது மெஸ்த்ரியின் கேள்வி. நியாயமான கேள்விதான். திருடன் யார் என்பது மட்டும் பாக்கி.

கப்பலில் சமையல்காரராக இருந்த மைத்துனர் ஒருவர் ஹாம்பர்க் துறைமுகத்துப் பழைய புத்தகக் கடையிலிருந்து அவருக்கு ஒரு தடித்த புத்தகம் வாங்கி வந்திருந்தார். டிரம்பெட் கற்பதற்கானது. பக்கத்துக்குப் பக்கம் சுரங்கள், ஒவ்வொரு சுரத்தின் அடியிலும் மூன்று சிறு வட்டங்கள். டிரம்பெட்டில் விரலால் அழுத்தும் பிஸ்டன்கள் மூன்று அல்லவா, வட்டம் கறுப்பாக இருந்தால் அந்தப் பிஸ்டனை அழுத்து, வெள்ளையாக இருந்தால் விட்டுவிடு என்று அர்த்தம். நடுநடுவே ஜெர்மன் மொழியில் நீண்ட நீண்ட பத்திகள். மெஸ்த்ரிக்குக் கொங்கணி, போர்த்துகீசியம், பூசைக்குத் தேவையான லத்தீன் தெரியும். ஜெர்மன் தெரியாது. ஆகவே வட்டங்களைப் படித்தார், பத்திகளைத் தாண்டிப் போனார்.

அந்தப் புத்தகத்துக்குப் புனித அந்தோனியார் நவநாள் ஜெபப் புத்தகத்தின் அட்டையைப் போட்டு வைத்திருந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை அவருடைய மாமியார் கண் மங்கலில் அதையே கோயிலுக்கு எடுத்துப் போய்விட்டார். ஜெபம் முழுவதும் கறுப்பு வெள்ளை வட்டங்களைப் பார்த்து ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்று சொல்லிவிட்டுத் திருப்தியோடு திரும்பினார். அன்று முதல் மாமியாரும் சந்தேகத்துக்கு உரியவர்களில் ஒருவரானார்.

வெளியே யாராவது கேட்டால் மெஸ்த்ரி தன் நெற்றியைத் தட்டிக் காட்டுவார். “புத்தகமா? எல்லாம் இங்க இருக்கு.”

ஆனால் கற்க வரும் பிள்ளைகளுக்கு எதையாவது காட்ட வேண்டும். எனவே தானே கைப்பட ஒரு பாடப்புத்தகம் எழுதினார். அதில்தான் பொறி வைத்தார்.

லா ஊத வேண்டுமானால் ஆள்காட்டி விரலாலும் நடுவிரலாலும் முதல் இரண்டு பிஸ்டன்களைச் சேர்த்து அழுத்த வேண்டும். ஆனால் அவை இரண்டையும் விட்டுவிட்டு, மூன்றாவதை மட்டும் மோதிர விரலால் அழுத்தினாலும் ஏறக்குறைய அதே லா வந்துவிடும். கேட்பவனுக்கு லேசில் வித்தியாசம் தெரியாது. பார்ப்பவனுக்குத் தெரியும். மெஸ்த்ரி தன் புத்தகத்தில் லா வரும் இடமெல்லாம் மோதிர விரல் என்றே எழுதினார்.

“அப்போ கத்துக்க வர்ற பிள்ளைங்க தப்பா கத்துக்குமே?” என்று கேட்டாள் அவர் மனைவி எஸ்பெரான்சா.

“அதுங்களுக்கு வாயால சொல்லிருவேன். புத்தகத்துல மோதிர விரல்னு இருக்கும், நீ ரெண்டு விரல் போடுன்னு. புத்தகத்தத் திருடிப் பாத்தவன் மட்டும் மோதிர விரல் போடுவான். எந்த ஊர்ல ஊதினாலும் கையும் களவுமா மாட்டுவான்.”

“கை சரி. களவு எங்க நடந்துச்சு?”

“நடக்கும்.”

எஸ்பெரான்சா அவருடைய கஞ்சித் தட்டின் ஓரத்தில் சுட்ட கருவாட்டை வைத்தாள். “நீங்க எழுதுன புத்தகத்துல பொய்யில்லாதது உங்க பேரு ஒண்ணுதான்.”

“அதையும் மாத்தலாமான்னு பாக்கறேன்,” என்றார் மெஸ்த்ரி.

நான் அந்தக் குழுவில் பெரிய டிரம் அடிப்பவன். டிரம்முக்குப் பாடப்புத்தகம் கிடையாது. ஆகவே என்மேல் மட்டும் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. மற்றவர்களுக்குக் கிடைத்த மரியாதை எனக்குக் கிடைக்கவில்லையே என்று சில நாள் வருந்தினேன்.

அதன்பின் பக்கத்து ஊர்த் திருவிழாக்களுக்கு மெஸ்த்ரி போனது கேட்பதற்காக அல்ல, பார்ப்பதற்காக. பூசை நடக்கும்போது பீடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மேலே பாட்டு மாடத்தில் ஊதுபவர்களின் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பார். இவருக்கு என்ன வேண்டுதலோ என்று ஊர்ப்பெண்கள் இரக்கப்பட்டார்கள். வருஷக்கணக்கில் ஒரு மோதிர விரலும் அகப்படவில்லை. நான்கூட இவர் சந்தேகத்தை விட்டுவிடுவாரோ என்று பயந்தேன்.

அப்புறம் சொங்வாடோ ஊர்ப் பெருவிழா வந்தது. சொங்வாடோ குழுவுக்கும் எங்கள் குழுவுக்கும் ஆகாது. அவர்களுடைய தலைவர் திமோத் ரெபெலோ, தலைமுடிக்கு மை பூசுபவர். ஊர்வலத்தில் நாலு டிரம்பெட்டுகள் முன்னால் வந்தன. பாட்டு லாவைத் தொட்டது. நாலு மோதிர விரல்கள் ஒன்றாக இறங்கின.

மெஸ்த்ரி கையிலிருந்த இஞ்சிக் காஜாப் பொட்டலத்தை அப்படியே என்னிடம் கொடுத்தார். அவர் முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சியை அவருடைய மகள் கல்யாணத்திலும் நான் கண்டதில்லை.

“பாத்தியா? பாத்தியா?”

“பாத்தேன் மெஸ்த்ரி.”

“இனி யாருன்னு மட்டும் தெரியணும்.”

அது வண்டி ஆர்லே வந்து சேர்வதற்குள் தெரிந்துவிட்டது. கைப்பட எழுதிய புத்தகம் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது, ஆகவே பார்த்து எழுதியிருக்கிறார்கள். பார்த்து எழுத வீட்டுக்குள் வர வேண்டும். வெளியாட்களில் திண்ணையைத் தாண்டி வீட்டுக்குள் வந்து போகிறவன் ஒருவன்தான், கமில்.

கமில் கொலாசோ எங்கள் ஊர் ரொட்டிக்காரர். விடியற்காலையில் சைக்கிளில் ரொட்டிக் கூடையோடு வருவார், சாயங்காலம் டிரம்பெட்டோடு. குழுவில் பாட்டை எடுத்துக்கொடுக்கும் முதல் குரல் அவருடைய டிரம்பெட், துணையாக வரும் இரண்டாம் குரல் மெஸ்த்ரியுடையது. மெஸ்த்ரிக்குப் பக்கத்தில் நின்று ஊதியே அவருக்குத் தலை நரைத்துவிட்டது. மெஸ்த்ரியின் மகளுக்கு ஞானத்தகப்பனும் அவரே, அதனால் இருவரும் ஒருவரையொருவர் கும்பார் என்றுதான் அழைப்பார்கள்.

“கமில் ரெண்டு விரல்லதான லா ஊதறாரு?” என்றேன் நான்.

“அதான். அதத்தான் சொல்றேன். பொறி எங்க இருக்குன்னு தெரிஞ்சவன்தான் அதுல கால வைக்க மாட்டான்.”

“நம்ம குழுவுல எல்லாருமே ரெண்டு விரல்தானே மெஸ்த்ரி.”

“எல்லாரையும் நான் இன்னும் விட்டுடல.”

மறுநாள் ரொட்டி அடுப்படிக்கே போனார். நானும் கூடப் போனேன். கமில் முழங்கை வரை மாவோடு நின்றிருந்தார்.

“கும்பாரே, வர்ற ஞாயித்துக்கிழமைக்கு உன் பாண்டு கோட்டு வேணாம். துவைச்சு அனுப்பிரு.”

அந்த ஞாயிறு எங்கள் ஊர்ப் பெருவிழா. ஊர்வலத்தின் முதல் பாட்டைக் கமில்தான் தொடங்குவார்.

“ஏன், எனக்குக் காய்ச்சலா?” என்றார் கமில்.

“ஏன்னு உனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சா கேப்பனா?”

“தெரிஞ்சவன்தான் மொதல்ல கேப்பான்.”

பிறகு சொங்வாடோவின் நாலு மோதிர விரல்களைப் பற்றிச் சொன்னார். கமில் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. விஷயம் சின்னதல்ல. ஒரு குழுவிலிருந்து திருடன் என்று கழிக்கப்பட்டவனை எங்கள் தாலுக்காவில் வேறு குழு சேர்த்துக்கொள்ளாது. அவனிடம் ரொட்டி வாங்குபவர்கள்கூடக் கூடையில் கைவிட்டு இரண்டு தடவை எண்ணுவார்கள். இருக்கும் இரண்டு பிழைப்பும் போய்விடும்.

“இத மாவுகிட்ட சொல்லாத கும்பாரே,” என்றார் கமில். “சாமியார் முன்னாடி வந்து சொல்லு. அவனுங்களையும் கூப்பிடு.”

வெள்ளிக்கிழமை பகல், கோயிலில் பீடத்துக்குப் பின்னால் உள்ள உடைமாற்று அறையில் கூடினோம். பங்குச் சாமியார் எஜிதியுவுக்கு மூட்டுவாதம். ஒரு காலை முக்காலியில் தூக்கி வைத்திருந்தார், சாப்பாட்டு நேரம் வேறு. திமோத் தன் நாலு ஆட்களோடு வந்திருந்தார். ஐந்து பேரும் சீருடைக் கோட்டில். எதற்காகக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று தெரியாததால், எதற்கும் இருக்கட்டும் என்று போட்டுக்கொண்டு வந்தார்களாம்.

“திமோத், லாவுக்கு மோதிர விரல்னு உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?” என்று கேட்டார் சாமியார்.

திமோத் கூரையைப் பார்த்தார். “தானா வந்துச்சு சாமி.”

“நாலு பேருக்கும் தானாவா?”

“நாங்க ஒரே குடும்பம் மாதிரி.”

மெஸ்த்ரி குறுக்கே வந்தார். “கமில் எழுதிக் குடுத்தது எங்க? அத எடு வெளிய.”

“இந்த ரொட்டிக்காரரா?” திமோத்துக்கு உண்மையாகவே வியப்பு. “எங்க போன பெருவிழாவுக்கு ரொட்டியே குறைச்சுக் குடுத்த ஆளு. இவரு எழுதி வேற குடுப்பாரா?”

“அன்னிக்கு மாவு கெடைக்கல,” என்றார் கமில்.

“எங்களுக்கு மட்டும் கெடைக்கல.”

“திமோத்,” என்றார் சாமியார், “நீ கோயிலுக்குள்ள நிக்கற.”

திமோத்தின் நெற்றியில் வியர்வையோடு மையும் கொஞ்சம் இறங்கியது. “இத பாவசங்கீர்த்தனத்துல சொல்லட்டுமா சாமி?”

“வேணாம். அங்க சொன்னா என்னால வெளிய சொல்ல முடியாது. இங்கயே சொல்லு.”

“நாங்க கையப் பாத்தோம்.”

“யாரு கைய?”

“மெஸ்த்ரி கையத்தான். ஆர்லேல எந்த அடக்கம் நடந்தாலும் எங்க ஆளு ஒருத்தன் கூட்டத்துல நின்னு அழுவான். செத்தது யாருன்னுகூடத் தெரியாது. இவரு லா எப்படி வருதுன்னு பாக்கத்தான். பாத்தா மோதிர விரல். அதுலதான் சூட்சுமம் இருக்குன்னு நாங்களும் மாத்திக்கிட்டோம். மாத்தினதுக்கப்புறம் எங்களுக்கும் ரெண்டு மூணு பேரு அழுதாங்க.”

“நானா? மோதிர விரலா?” மெஸ்த்ரி எங்கள் எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். “சாமி, பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு இருக்கு. அந்தப் பொறிய வெச்சதே நான்.”

“டிரம்பெட் இருக்கா?” என்றார் சாமியார். “ஊதுங்க.”

மெஸ்த்ரி அடக்கப் பாட்டை ஊதினார். வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டார். அவர் ஒருவரைத் தவிர அறையில் இருந்த எல்லோரும் அவருடைய வலது கையைப் பார்த்தோம். பாட்டு மெல்ல ஏறி லாவுக்கு வந்தது. மோதிர விரல் மட்டும் தனியாக, மிகப் பழகிய விரலைப் போல, இறங்கியது.

“அப்படியே நில்லுங்க மெஸ்த்ரி,” என்றார் சாமியார். “கைய எடுக்காம கண்ணத் தெறந்து பாருங்க.”

அவர் பார்த்தார். வேறு யாரோ தன் டிரம்பெட்மேல் கை வைத்திருப்பதைப் போலப் பார்த்தார்.

இதில் மாயம் எதுவும் இல்லை. கற்க வந்த ஒவ்வொரு பிள்ளையிடமும் ‘புத்தகத்தில் இப்படி இருக்கும், இப்படிச் செய்யாதே’ என்று மோதிர விரலை அழுத்தி அழுத்திக் காட்டியிருக்கிறார். கரையான் புத்தகத்தை அரித்தபோதெல்லாம் திரும்ப எழுதி, ஒவ்வொரு லாவையும் விரலால் சரிபார்த்திருக்கிறார். வாய் சொன்னது பிள்ளைகளுக்குக் கேட்டது, விரலுக்குக் கேட்கவில்லை. அவர் எழுதிய புத்தகத்திலிருந்து ஒழுங்காகப் பாடம் கற்ற ஒரே மாணவன் அந்த விரல்தான். பொறி வைத்த நாளில் தன் லாவைப் புகழ்ந்தவர் அவர் ஒருவர்தான், ஊரையே அழவைத்த விம்மல் அதன்பின் இந்த விரலால் வந்தது. மோதிர விரல் லா சரியான லாவைவிட ஒரு மயிரிழை தாழ்ந்து நிற்கும். அதாவது கொஞ்சம் சுதி குறைவு. நாங்கள் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டிருந்தோம்.

மெஸ்த்ரி மெதுவாகக் கமில் பக்கம் திரும்பினார். “நீ பக்கத்துலயே நிக்கற. பாக்கலியா?”

“பாத்தேன்.”

“எப்போலேருந்து?”

“ரொம்ப நாளா.”

“ஏன் சொல்லல?”

“என்னச் சோதிக்கறேன்னு நெனச்சேன். சொன்னா, ‘நான் போடற விரல நீ ஏன் பாக்கற’ன்னு கேப்ப. சொல்லலன்னா, ‘ஏன் சொல்லல’ன்னு கேப்ப. ரெண்டுல எதுக்கு வாய் கம்மியா வலிக்கும்னு பாத்து, சும்மா இருந்துட்டேன்.”

இந்த இடத்தில் வேறு எவரும் மன்னிப்புக் கேட்டிருப்பார்கள். மெஸ்த்ரி கொஞ்சம் யோசித்தார்.

“அப்போ தெரிஞ்சே மறைச்சிருக்க.”

சாமியார் முக்காலியிலிருந்து காலை எடுத்துக் கீழே வைத்தார், அவருக்கு அது வலித்தது. கமில் எழுந்தார். இத்தனை வருஷத்தில் மெஸ்த்ரியிடம் அவர் நீ என்றுதான் பேசியிருக்கிறார்.

“ஞாயித்துக்கிழமை நீங்களே ரெண்டு குரலும் ஊதிக்குங்க மெஸ்த்ரி,” என்றார். கதவைக்கூடச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

மறுநாள் காலை மெஸ்த்ரி வீட்டு முற்றத்தில் ஒத்திகை. கமிலின் இடத்தில் யாரும் நிற்கவில்லை, நிற்கச் சொன்ன பையன்களுக்கு வயிற்றுவலி. மெஸ்த்ரியே முதல் குரலைத் தொடங்கினார். லா வந்ததும் இரண்டு விரலா, மோதிர விரலா என்று தீர்மானிக்க முடியாமல் மூன்றையும் அழுத்திவிட்டார். அதிலிருந்து வந்த சத்தம் ஆட்டுக்குட்டிக்கும் பிடித்திருக்காது. மூன்று தடவை முயன்றார். மூன்று தடவையும் விரல்கள் ஒன்றையொன்று நம்பவில்லை.

“போய்க் கூப்பிடுங்க அவர,” என்றாள் எஸ்பெரான்சா.

“போனா, எதுக்குக் கூப்பிடறேன்னு சந்தேகப்படுவான்.”

“படட்டும். உங்களுக்கு இருக்கறதுல கொஞ்சம் அவருக்கும் போகட்டும்.”

மெஸ்த்ரி உள்ளே போய் நவநாள் அட்டை போட்ட புத்தகத்தை எடுத்துத் துண்டில் சுற்றிக்கொண்டார், டிரம்பெட் கக்கத்திலேயே இருந்தது. சாட்சிக்கு என்னையும் அழைத்தார். யாருக்கு எதிராகச் சாட்சி என்று சொல்லவில்லை.

கமில் வீட்டுப் பின்கட்டில் பன்றிகளுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துவிட்டுக் கலக்குவதைத் தொடர்ந்தார். மெஸ்த்ரி துண்டோடு புத்தகத்தை நீட்டினார்.

“இத உன் வீட்டுல வெச்சுக்க.”

“நவநாளெல்லாம் எங்க வீட்டுலயும் இருக்கு மெஸ்த்ரி.”

“உள்ள பாரு.”

கமில் கையைத் துடைத்துக்கொண்டு பிரித்தார். சுரங்கள், வட்டங்கள், ஜெர்மன் பத்திகள். வெகுநேரம் புரட்டினார்.

“எல்லாம் தலையில இருக்குன்னு சொல்லுவீங்களே. இதுதான் அந்தத் தலையா?”

“ஆமா.” மெஸ்த்ரி வேலிப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார். “இத இதுவரைக்கும் யாருக்கும் காட்டினதில்ல. எஸ்பெருக்குக்கூட.”

கமில் இன்னும் சில பக்கங்கள் புரட்டினார். “இதுல எந்தப் பக்கம் பொய்?”

“இதுல பொய் கெடயாது. அச்சடிச்ச புத்தகம். ஜெர்மன்காரன் எழுதினது.”

“அவன் எப்படிப்பட்ட ஆளு?”

“எவன்?”

“எழுதினவன். உங்கள மாதிரி ஆளா இருந்தா?”

ஒரு பன்றி தொட்டியை முட்டியது. மாமியாரை, நாயை, ரொட்டிக்காரரை, ஒரு தாலுக்கா முழுவதையும் சந்தேகப்பட்டவர், அந்தப் புத்தகத்தை எழுதியவனை மட்டும் இதுவரை சந்தேகப்பட்டதில்லை. அது இப்போதுதான் அவருக்கே தெரிந்தது. கவிழ்த்து வைத்திருந்த ரொட்டிக் கூடையின்மேல் மெதுவாக உட்கார்ந்தார்.

“அந்தப் பத்தியெல்லாம் என்ன சொல்லுதுன்னு நெனக்கற?” என்றார் தாழ்ந்த குரலில்.

“மேல போட்ட வட்டத்த நம்பாதீங்கன்னு சொல்லலாம்.”

“ஜெர்மன் தெரிஞ்சவனுக்கு மட்டும் புரியற மாதிரி.”

“அவனுங்களுக்குள்ள பேசிக்கிட்டிருக்கானுங்க,” என்றார் கமில். தவிட்டு வாளியை ஓரமாக வைத்தார். “பாத்துட்டுத்தான் மறுவேலை.”

“நீ ஊது கும்பாரே. நான் வட்டத்தப் பாக்கறேன்.”

“நீ ஊது, நான் பாக்கறேன். உன் விரல் எனக்குத் தெரியாதா?”

நீங்க நீயானதை இருவரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், ஆனால் சொன்னால் ஏன் கவனித்தாய் என்று கேட்பார்கள்.

முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார்கள். ஒவ்வொரு சுரமாக மெஸ்த்ரி ஊத, கமில் வட்டத்தையும் விரலையும் மாறி மாறிப் பார்த்துத் தலையசைத்தார். சந்தேகமான இடங்களில் கமில் தன் டிரம்பெட்டிலும் ஊதிப் பார்த்தார். மாலை மணி அடித்தபோது பாதிப் புத்தகம் முடிந்திருந்தது. ஒரு பொய்யும் அகப்படவில்லை. இருவரையும் அது மிகவும் கலக்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம் புறப்பட்டபோது கமில் தன் இடத்தில் நின்று முதல் குரலைத் தொடங்கினார், மெஸ்த்ரி பக்கத்தில் நின்று அவர் விரலைப் பார்த்தே ஊதினார். லா சுத்தமாக வந்தது. ஒருவரும் அழவில்லை. பூசை முடிந்து மற்றவர்கள் விருந்துக்கு உட்கார்ந்தபோது, இவர்கள் இருவரையும் காணவில்லை. பாட்டு மாடத்துப் படிக்கட்டில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டிருந்தார்கள்.

“இன்னும் ஒண்ணும் மாட்டல,” என்றார் கமில். “ரொம்பக் கெட்டிக்காரனா இருப்பான் போல.”

“கடைசிப் பக்கத்துல வெச்சிருப்பான்,” என்றார் மெஸ்த்ரி. “அங்க போறதுக்குள்ள நாம நம்பிருவோம்னு அவனுக்குத் தெரியும்.”